ஊட்டியா, உதகமண்டலமா, யு.ஏ.எம்.-ஆ? கோபோல் கோப்புப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சில வருடம் மெயின்ஃப்ரேமில், அதாவது பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கிற ராட்சதக் கம்ப்யூட்டரில், வேலை பார்த்துவிட்டு கோத்தகிரிக்கே திரும்பி வந்தவள் நான். சனிக்கிழமை மதியம் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து முன்னறையில் உட்காருவார்கள். கோபோல் என்கிற பழைய ப்ரோகிராம் மொழியைப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "ப்ரோகிராமில் ஒரு பெயர், டிஸ்கில் வேறு பெயர், ரெண்டையும் யார் அக்கா சேர்த்து வைக்கிறது?" ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதிவைக்கிறேன்.

கட்டளைச் சொற்களை வாயால் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மொழியின் பெயரைக் 'கோபால்' என்று எழுதினால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அதனால் கோபோல்.

உதாரணத்துக்கு எங்கள் மாமாவின் இலைக் கணக்கு. அவர் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். எடை போட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பதிவு: உறுப்பினர் எண் 5 இடம், பெயர் 20, தேதி 8, எடை 7. மொத்தம் 40.

ஒரே கோப்புக்கு எதற்கு இரண்டு பெயர்?

இரண்டு இல்லை, மூன்று. இந்த மூன்றாவதைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம்.

நாம் வாயால் சொல்வது ஊட்டி. ரயில்வே கம்ப்யூட்டரில் அதற்கு யு.ஏ.எம். என்று ஒரு குறி. குன்னூருக்கு ஓ.என்.ஆர்.; அந்தக் குறியைப் பார்த்து குன்னூர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் டிக்கெட் எடுக்க அதுதான் வேலை செய்கிறது. மூன்றாவது, நிஜமாகவே தண்டவாளம் போய் முடிகிற இடம்.

கோபோலிலும் அப்படித்தான். ப்ரோகிராமுக்குள் இப்படி எழுதுகிறோம்:

செலக்ட் லீஃப்-ஃபைல் அசைன் டு "லீஃப்இன்".

லீஃப்-ஃபைல் என்பது உள்பெயர், ப்ரோகிராமுக்குள் மட்டும் புழங்குவது. லீஃப்இன் என்பது வெளிப்பெயர், ப்ரோகிராமும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் குறி. டிஸ்கில் இருக்கிற நவம்பர்.டாட் என்பது மூன்றாவது. உள்பெயரையும் வெளிப்பெயரையும் சேர்ப்பது செலக்ட் வரி. அது ப்ரோகிராமில் இருக்கிறது. வெளிப்பெயரையும் டிஸ்க் கோப்பையும் சேர்ப்பது ப்ரோகிராமுக்கு வெளியே நடக்கிற காரியம். ப்ரோகிராமை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படித்தாலும் அந்த இரண்டாவது முடிச்சு அதில் கிடைக்காது.

எல்லாவற்றையும் ப்ரோகிராமிலேயே எழுதிவிட்டால் என்ன?

எழுதலாம். அசைன் டு என்றதும் மேற்கோளுக்குள் முழுப் பாதையையும் கொடுத்தால் குனு கோபோல் (லேப்டாப்பில் கோபோலை ஓட்ட உதவும் இலவச மென்பொருள்) அப்படியே திறக்கும். வீட்டுப் பாடத்துக்கு அது போதும். ஆனால் நவம்பர் முடிந்து டிசம்பர் வந்ததும் ப்ரோகிராமைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய (மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்ற) வேண்டும். மாமாவின் மெஷினில் ஒரு பாதை, என் மெஷினில் வேறு பாதை. சோதனைக் கோப்பில் ஓட்டிப் பார்த்த ப்ரோகிராமும் நிஜக் கோப்பில் ஓடப்போகிற ப்ரோகிராமும் ஒன்றே அல்ல என்று ஆகிவிடும். நடுவில் ஒரு வரி மாறியிருக்கிறதே!

இது புதுசாக வந்த ஞானமும் இல்லை. 1959-இல் கோடசில் குழு கோபோலை வகுக்கும்போதே, ஒரு கம்பெனி மெஷினில் எழுதியது இன்னொரு கம்பெனி மெஷினிலும் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். மெஷினோடு ஒட்டிய சங்கதிகளை எல்லாம் என்விரான்மென்ட் டிவிஷன் என்று தனிக் கூடையில் போட்டார்கள். செலக்ட் வரி அந்த டிவிஷனில், இன்புட்-அவுட்புட் செக்ஷனில், ஃபைல்-கன்ட்ரோல் பத்தியில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். அசைனுக்குப் பிறகு வருகிற பெயருக்கு என்ன அர்த்தம் என்பதைக் கம்பைலர் செய்கிறவர்கள் கையில் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் மெயின்ஃப்ரேமில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி நடப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

செலக்ட்டில் உள்ள பெயரும் எஃப்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

ஆமாம், எழுத்துக்கு எழுத்து. எஃப்டி என்பது கோப்பின் பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிற பகுதி. ஓப்பன், ரீட், க்ளோஸ் எல்லாம் இந்த உள்பெயரைத்தான் கேட்கும். ரைட் மட்டும் எஃப்டிக்குக் கீழே வருகிற பதிவின் பெயரைக் கேட்கும். ரீட் என்றால் கோப்பு, ரைட் என்றால் பதிவு. நாலு தடவை எரர் வாங்கினால் தானாகப் படிந்துவிடும்.

மெயின்ஃப்ரேமில் இந்த முடிச்சை யார் போடுகிறார்கள்?

ஜேசிஎல். வேலையை ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற அந்தச் சீட்டில், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டிடி வரி:

//லீஃப்இன் டிடி டிஎஸ்என்=நீல்.இலை.நவம்பர்,டிஸ்ப்=எஸ்ஹெச்ஆர்

இரண்டு சாய்கோட்டுக்குப் பிறகு ஒட்டி வருவது வெளிப்பெயர். 8 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. டிஎஸ்என் என்பதற்குப் பிறகு வருவது நிஜக் கோப்பு. புள்ளிகளோடு சேர்த்து 44 எழுத்து வரை போகலாம், புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டும் 8-க்குள். டிஸ்ப் என்பது கோப்பை எப்படித் தொடப்போகிறோம் என்பது: எஸ்ஹெச்ஆர் என்றால் மற்றவர்களும் கூடவே படிக்கலாம், ஓல்ட் என்றால் எனக்கு மட்டும், நியூ என்றால் புதிதாக உண்டாக்கு, மாட் என்றால் கடைசியில் சேர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ப்ரோகிராம்களில் அசைன் டு யுடி-எஸ்-லீஃப்இன் என்று பார்ப்பீர்கள். ஜேசிஎல்லில் யுடி-எஸ் என்று தேடினால் கிடைக்காது. மெயின்ஃப்ரேமில் ஓடுகிற ஐபிஎம் கம்பைலருக்கு ஹைஃபன் வைத்து வருகிற முன்பகுதி வெறும் குறிப்பு. கடைசித் துண்டான லீஃப்இன் மட்டும்தான் டிடி பெயர். விசாம் என்கிற ஐபிஎம் கோப்பு ஏற்பாட்டில், வந்த வரிசையிலேயே பதிவுகளை வைக்கிற ஈஎஸ்டிஎஸ் வகைக் கோப்புக்கு மட்டும் பெயருக்கு முன்னால் ஏஎஸ் ஹைஃபன் கட்டாயம்.

என்னிடம் படித்த ஒரு பையன், டபிள்யூஎஸ்-லீஃப் என்று ஒர்க்கிங்-ஸ்டோரேஜில் (ப்ரோகிராமின் மாறிகள் இருக்கிற பகுதியில்) ஒரு மாறி வைத்து, அதில் கோப்பின் பெயரைப் போட்டு, அசைன் டு டபிள்யூஎஸ்-லீஃப் என்று எழுதினான். அவன் லேப்டாப்பில் குனு கோபோலில் ஜோராக ஓடியது. அதே ப்ரோகிராமை ஐபிஎம் மெஷினில் ஓட்டினால், அது மாறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டபிள்யூஎஸ் குறிப்பு, லீஃப் டிடி பெயர் என்று எடுத்துக்கொண்டு, லீஃப் என்று ஒரு டிடி வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

லேப்டாப்பில் ஜேசிஎல் கிடையாதே, அங்கே?

என்விரான்மென்ட் மாறி, அதாவது ப்ரோகிராமுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கிற மாறி, அந்த வேலையைச் செய்கிறது. அசைனில் "லீஃப்இன்" என்று சாய்கோடு இல்லாத வெறும் பெயராகக் கொடுத்திருந்தால், குனு கோபோல் ஓப்பன் செய்யும் நேரத்தில் மூன்று பெயர்களை வரிசையாகத் தேடும். முதலில் பெரிய எழுத்தில் டிடி, ஓர் அடிக்கோடு, லீஃப்இன். அடுத்து சின்ன எழுத்தில் டிடி, அடிக்கோடு, லீஃப்இன். மூன்றாவது வெறும் லீஃப்இன். எது முதலில் கிடைக்கிறதோ, அதற்குள் இருக்கிற பாதையைத் திறக்கும். ஒன்றுமே இல்லை என்றால் லீஃப்இன் என்ற பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடும். காப்-ஃபைல்-பாத் என்ற அமைப்பில் ஒரு டைரக்டரி கொடுத்திருந்தால் அதற்குள் தேடும். இல்லாவிட்டால் நீங்கள் நிற்கிற டைரக்டரியில்.

லினக்ஸில் அந்த மாறியை வைக்க எக்ஸ்போர்ட் எழுதும்போது சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விண்டோஸ் கருப்புத் திரையில் செட் எழுதும்போது பாதையைச் சுற்றி மேற்கோள் போட்டால் அந்த மேற்கோளும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு கோப்பு உலகத்திலேயே இருக்காது. அப்புறம், லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

அசைனில் மேற்கோள் போடாமல் வெறும் சொல்லாக எழுதினால் என்ன ஆகும் என்பது கம்பைலருக்குக் கம்பைலர், கம்பைல் செய்யும்போது கொடுக்கிற ஆப்ஷனுக்கு ஆப்ஷன் மாறும். மேற்கோள் போட்டுவிடுங்கள். என் வீட்டில் அது சட்டம்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது. ராத்திரி க்ரான் ஓட்டினால் 35 வருகிறது. ஏன் அக்கா?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்தது நீங்கள் உட்கார்ந்திருந்த டெர்மினலுக்கு மட்டும். க்ரான், குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டுகிற லினக்ஸ் ஏற்பாடு, வேறு ஆள். அதற்கு உங்கள் எக்ஸ்போர்ட் எதுவும் தெரியாது. போதாததற்கு அது உங்கள் டைரக்டரியில் நிற்பதும் இல்லை, ஹோம் டைரக்டரியில் நிற்கும். லீஃப்இன் என்ற மாறியும் இல்லை, அந்தப் பெயரில் கோப்பும் இல்லை. கோப்பு இல்லை என்கிற 35 வராமல் என்ன வரும்?

ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, முதலில் டைரக்டரிக்குப் போய், எக்ஸ்போர்ட் வரிகளைப் போட்டு, கடைசியில் ப்ரோகிராமைக் கூப்பிடுங்கள். க்ரானில் அந்த ஸ்கிரிப்ட்டைக் கொடுங்கள். கையால் ஓட்டும்போதும் அதையே ஓட்டுங்கள். அந்த ஸ்கிரிப்ட்தான் உங்கள் ஜேசிஎல்.

35, 37, 39... இந்த எண்கள் எங்கே வருகின்றன? எனக்கு வரவே இல்லையே.

செலக்ட்டில் ஃபைல் ஸ்டேட்டஸ் இஸ் என்று போட்டு, இரண்டு எழுத்துக்கு ஒரு மாறி கொடுத்தால்தான் ப்ரோகிராமுக்குள் வரும். கொடுக்காவிட்டால் ப்ரோகிராம் பொத்தென்று விழும், அவ்வளவுதான். ஓப்பனுக்கு அடுத்த வரியில் அதை டிஸ்ப்ளே செய்யாதவர்களின் ப்ரோகிராமை நான் கையில் வாங்குவதில்லை.

35 என்றால் படிக்கத் திறந்த கோப்பு அங்கே இல்லை. கோத்தகிரிக்கு ரயில் டிக்கெட் கேட்கிற மாதிரி. ஊர் இருக்கிறது, ஸ்டேஷன் கிடையாது. இதற்கு ப்ரோகிராமைத் திருத்தாதீர்கள், வெளிமுடிச்சைப் பாருங்கள்.

37 வந்தால் கோப்பு இருக்கிறது, நீங்கள் கேட்கிற விதத்தில் திறக்க முடியாது. லினக்ஸில் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். ஒருவர் பெயரில் உண்டாக்கிய கோப்பை இன்னொருவராகத் திறக்கப் பார்ப்பது.

39 வந்தால் சந்தோஷப்படுங்கள், இரண்டு முடிச்சும் சரி. கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அதன் அமைப்பும் நீங்கள் எஃப்டியில் சொன்ன அமைப்பும் ஒத்துப்போகவில்லை. மெயின்ஃப்ரேமில் டேட்டாசெட்டின் (அங்கே கோப்புக்கு அந்தப் பெயர்) எல்ரெக்ல், அதாவது பதிவின் நீளம், 80 என்று இருக்க, எஃப்டியில் பதிவை 40 என்று எழுதியிருப்போம். இல்லையென்றால் பதிவைத் தேட உதவும் கீ இருக்கிற இடம் மாறியிருக்கும். 41 என்றால் ஏற்கெனவே திறந்ததை மறுபடி திறக்கிறீர்கள். 47 என்றால் படிப்பதற்குத் திறக்காமலேயே ரீட் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் முன்னால் நடந்த ஓப்பன் தோற்றதைக் கவனிக்காமல் தாண்டி வந்திருப்பீர்கள். ஐபிஎம்மில் விசாம் கோப்புக்கு டிடி வரியே போடாவிட்டால் 96.

ஸ்டேட்டஸ் 00 என்று வருகிறது, ஆனால் உள்ளே எல்லாம் கலைந்து கிடக்கிறது.

இது பெயர்ப் பிரச்சினை இல்லை, ஆனாலும் எல்லோரும் பெயரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

மாமாவின் கோப்பை லினக்ஸ் எடிட்டரில் அடித்தால் ஒவ்வொரு வரியும் 40 எழுத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு. ஆக டிஸ்கில் 41. செலக்ட்டில் ஆர்கனைசேஷன் எதுவும் சொல்லாவிட்டால் கோபோல் அதை வெறும் சீக்வென்ஷியல் என்று எடுத்துக்கொண்டு, வரிமுறிவைப் பற்றிக் கவலைப்படாமல் 40 40-ஆக வெட்டும். முதல் பதிவு அழகாக வரும். இரண்டாவது பதிவு, முதல் வரியின் வரிமுறிவில் ஆரம்பித்து, இரண்டாம் வரியின் 39 எழுத்தோடு நிற்கும். மூன்றாவது பதிவில் முதலில் இரண்டாம் வரியின் கடைசி எழுத்து, அப்புறம் ஒரு வரிமுறிவு, அப்புறம் மூன்றாம் வரியின் 38 எழுத்து. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எழுத்து வலப்பக்கம் நகரும். எடை இருக்க வேண்டிய இடத்தில் தேதியின் வால் வந்து உட்கார்ந்து, ஒருவர் ஒரே நாளில் மலையையே பறித்துவிட்ட மாதிரி கிலோ காட்டும்.

மருந்து ஒரே வரி: ஆர்கனைசேஷன் இஸ் லைன் சீக்வென்ஷியல். விண்டோஸில் அடித்த கோப்பை லினக்ஸில் படித்தால் வரி முடிவில் இன்னொரு மறைவான எழுத்தும் கூட இருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

தினமும் தேதி போட்ட புதுக் கோப்பு வேண்டும். பெயரை ப்ரோகிராமே தீர்மானிக்க முடியுமா?

குனு கோபோலிலும் மைக்ரோ ஃபோகஸிலும் முடியும். அசைனில் ஒரு மாறியைக் கொடுத்து, ஓப்பனுக்கு முன்னால் ஸ்ட்ரிங் கட்டளையால் தேதியைச் சேர்த்துப் பெயரை அதில் நிரப்பினால் சரி. ஓப்பனுக்குப் பிறகு நிரப்புகிறவர்களும் உண்டு.

மெயின்ஃப்ரேமில் இதை ப்ரோகிராமுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஜிடிஜி என்று ஒரு ஏற்பாடு. ஒரே அடிப்பெயருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கோப்புகள். ஜேசிஎல்லில் அடைப்புக்குள் 0 போட்டால் கடைசியாக வந்தது, +1 போட்டால் இனி வரப்போவது, -1 போட்டால் அதற்கு முந்தையது. ப்ரோகிராமுக்கு எப்போதும் லீஃப்இன்தான். வேலை செய்து பார்த்ததில் எனக்கு இதுதான் பிடிக்கும். ப்ரோகிராமுக்குத் தேதி தெரிய ஆரம்பித்தால், ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், நடுராத்திரி தாண்டி ஓடியது எல்லாவற்றையும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சோதனைக் கோப்பையும் நிஜக் கோப்பையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வழி?

இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு நவம்பர் சாயங்காலம். மழை, மூன்று மணிக்கே விளக்கு போடுகிற இருட்டு. மாமாவின் மெஷினில் அவருடைய நிஜக் கோப்பை நோக்கி எக்ஸ்போர்ட் செய்து, ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தேன். டீ குடித்துவிட்டு வந்து, அதே டெர்மினலில், சோதனைப் பதிவுகளை உண்டாக்குகிற இன்னொரு ப்ரோகிராமை ஓட்டினேன். அதிலும் வெளிப்பெயர் லீஃப்இன். அது ஓப்பன் அவுட்புட். ஓப்பன் அவுட்புட் என்பது இருக்கிற கோப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது, "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. ஸ்டேட்டஸ் 00. எல்லாம் வெற்றி. அந்த மாதத்து இலைக் கணக்கு முழுக்கப் போய், அந்த இடத்தில் நான் உண்டாக்கிய பத்து போலி விவசாயிகள் நின்றார்கள். மாமா நோட்டிலும் எழுதிவைக்கிறவர் என்பதால் பிழைத்தேன். அத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்க, ராத்திரி பதினொன்று வரை திரும்ப அடித்தேன்.

அன்றிலிருந்து எழுதுகிற கோப்புக்கும் படிக்கிற கோப்புக்கும் ஒரே வெளிப்பெயர் வைப்பதில்லை. வருவதற்கு லீஃப்இன், போவதற்கு லீஃப்அவுட். நிஜ ஓட்டத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட், சோதனைக்கு ஒரு ஸ்கிரிப்ட். டெர்மினலில் கையால் எக்ஸ்போர்ட் அடிப்பதே இல்லை. ஸ்கிரிப்ட் முடிந்ததும் அதன் எக்ஸ்போர்ட்டும் கூடவே செத்துவிடும். ஏற்கெனவே உள்ள கோப்பின் கடைசியில் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஓப்பன் எக்ஸ்டென்ட்.

சில நாள் கோப்பு இருக்கும், சில நாள் இருக்காது. அதற்கு?

செலக்ட் ஆப்ஷனல் என்று எழுதுங்கள். கோப்பு இல்லாவிட்டால் 35-க்குப் பதில் 05 வரும், முதல் ரீட்டிலேயே கோப்பு முடிந்துவிட்டதாக 10 வரும். இலை வாங்காத நாளுக்கு இது பொருத்தம். ஆனால் கண்டிப்பாக இருக்க வேண்டிய கோப்புக்கு இதைப் போட்டு 35-இன் வாயை மூடாதீர்கள். காலியான ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சார்ட் செய்கிற (வரிசைப்படுத்துகிற) கோப்புக்கும் இந்த இணைப்பெல்லாம் வேண்டுமா?

செலக்ட் வேண்டும், எஃப்டிக்குப் பதில் எஸ்டி. ஐபிஎம்மில் அதன் அசைன் பெயர் சும்மா ஒப்புக்கு. சார்ட் தன் வேலை இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கோப்பே இல்லாமல் கீபோர்டிலிருந்து படிக்கலாமா?

குனு கோபோலில் அசைன் டு கீபோர்ட் என்று, மேற்கோள் இல்லாமல், எழுதலாம். இன்னொரு ப்ரோகிராமின் விடையைக் குழாய் வைத்து இதற்குள் திருப்பிவிடவும் முடியும். மேற்கோள் போட்டால் கீபோர்ட் என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடும். என் வீட்டுச் சட்டத்துக்கு, மாறியைக் கொடுப்பதைத் தவிர, இது ஒன்றுதான் விலக்கு.

விவசாயிகளின் பெயரைத் தமிழில் எழுதி வைக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயருக்கு எவ்வளவு இடம் என்று சொல்கிற பிக் எக்ஸ் 20 என்பது 20 பைட், 20 எழுத்து அல்ல. யுடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'மா' என்பது மகரம் ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறி. மாரிமுத்து என்று எழுதினால் 10 குறி, 30 பைட். 20-இல் வெட்டினால் 'மாரிமு' வரைக்கும் 18 பைட், மீதி 2 பைட்டில் 'த'வின் மூன்றில் இரண்டு பங்கு மாட்டிக்கொண்டு திரையில் ஒரு கட்டமாகத் தெரியும். இடத்தை 90 ஆக்கினால் எஃப்டி மாறும், பதிவு 40-லிருந்து 110 ஆகும், பழைய கோப்புகளை எல்லாம் மாற்றி எழுத வேண்டும். மாமாவுக்கு இப்போதைக்கு கோப்பில் ஆங்கில எழுத்து, நோட்டில் தமிழ்.